நாடகம் இல்லாத குரல்

சமையல் குறிப்பை வாசிக்கிறவர் ஏன் அழ வேண்டும் என்று எனக்கு இன்று வரை புரியவில்லை, சார். வெங்காயம் நறுக்குகிற பக்கம் என்றாலாவது மன்னித்துவிடலாம்.

கதைப் புத்தகத்தில் என்ன கூத்து வேண்டுமானாலும் அடிக்கட்டும். ராஜாவுக்கு ஒரு தொண்டை, திருடனுக்கு ஒரு தொண்டை, நான் குறுக்கே நிற்க மாட்டேன். ஆனால் வரலாறு, உடம்பு, வரி, வீட்டுப் பராமரிப்பு என்று காதில் மாட்டிக்கொள்கிறவன் விஷயத்துக்காகக் கேட்கிறான். சிறுநீரகக் கல்லைப் பற்றிய அத்தியாயத்தைக் காதல் கடிதம் மாதிரி குழைந்து குழைந்து வாசித்தால் கல்லா கரையப்போகிறது? தான் எழுதியதைத் தானே வாசிக்கிற ஆசிரியர்கள் இன்னொரு ரகம். தங்கள் வரியில் தாங்களே சொக்கிப்போய்ப் பாதியில் நின்றுவிடுவார்கள், நாம் கைதட்டுவதற்கு இடம் விட்டு. என்னைக் கேட்டால், வாசிக்கிற ஆள் ஒருவர் இருப்பதே தெரியக் கூடாது.

என் வேலை கேட்பது. ஒலிப்புத்தகம் எடுக்கிற நிறுவனத்தில் சரிபார்க்கிறவன். பதிவை அச்சுப் பக்கத்தோடு வைத்துக் கேட்டு, விழுங்கிய சொல், நாற்காலி முனகல், வாசிக்கிறவரின் வயிற்று இரைச்சல் வரை பிடித்துச் சொல்ல வேண்டும். அந்த இடத்தை மட்டும் திரும்ப வாசிக்கவைத்து ஒட்டுவோம். என் காதுக்குத் தப்பி ஒரு பிழை வெளியே போனதில்லை. இதை நான் பெருமைக்காகச் சொல்லவில்லை, நீங்கள் கேட்டதால் சொல்கிறேன்.

எங்கள் நட்சத்திரத்தை எல்லோரும் வெண்கலம் என்பார்கள். குரல் அப்படியாம். முதலாளி அவரைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு ஆடினார். பல்வலி பற்றிய புத்தகத்தை அந்த மனிதர் வாசித்தால் பல் இல்லாதவர்களும் கன்னத்தைப் பிடித்துக்கொள்வார்கள். உணர்ச்சி மேலிட்டதும் கண்ணை மூடிக்கொண்டுதான் கைக்கணினித் திரையில் பக்கத்தைத் தள்ளுவார். சில சமயம் இரண்டு பக்கம் சேர்ந்து போய்விடும். அவர் பாட்டுக்கு அடுத்த பக்கத்தில் உருகிக்கொண்டிருப்பார்.

நானும் ஒருமுறை வாசித்துக் காட்டினேன். ஆசை என்று வைத்துக்கொள்ளுங்கள். முதலாளி இரண்டு வரிகூட முழுசாகக் கேட்கவில்லை.

"என்னப்பா இது, ரயில் தாமதமா வருதுன்னு சொல்ற மாதிரியே இருக்கு. உனக்கு எதுக்கு இந்த வேலை? காது போதும்பா."

எல்லோரும் சிரித்தார்கள். கூட்டிப் பெருக்குகிற அக்காகூடத் துடைப்பத்தில் சாய்ந்துகொண்டு சிரித்தார். நான் எதையும் மனசில் வைத்துக்கொள்கிற ஆள் இல்லை, சார்.

அந்த அக்காவுக்குக் காதில் எப்போதும் ஏதாவது ஓடிக்கொண்டே இருக்க வேண்டும். வெளியீட்டுக்கு முன்பே பதிவுகளை என்னிடம் வாங்கித் தன் போனில் ஏற்றிக்கொள்வார்.

"தம்பி, வெண்கலம் சார் படிச்சது புதுசா ஏதாவது இருந்தா குடுப்பா. அவர் சொல்லச் சொல்ல கை தானா வேலை செய்யுது."

"வேற யாராவது படிச்சதைக் கேட்டுப் பாருங்களேன்க்கா."

"அட போப்பா. நீ அன்னிக்குப் படிச்சியே, அந்த மாதிரி இருந்தா கொட்டாவிதான் வரும்."

மனசில் எதுவும் இல்லாமல் சொன்னதுதான். நல்ல மனுஷி. இளைப்பு உண்டு அவருக்கு. இழுத்துக்கொள்கிற மருந்து கைப்பையில் இருக்கும், கைப்பை வாசல் மேசைக்கு அடியில் இருக்கும். இது அலுவலகத்தில் எல்லோருக்கும் தெரிந்த சங்கதி, எனக்கு மட்டும் தெரிந்த ரகசியம் இல்லை.

பிறகு வீட்டைச் சுத்தம் செய்வது பற்றிய புத்தகம் வந்தது. அதில் கழிப்பறை அத்தியாயம். அங்கேயும் உருக முடியும் என்று வெண்கலம் நிரூபித்தார். பிளீச்சிங் திரவத்தைத் தரை முழுக்க ஊற்றி ஊறவிடச் சொன்னார், கண்ணை மூடினார், பக்கத்தைத் தள்ளினார், அதன்பின் ஆசிடைத் தெளித்துத் தேய்க்கச் சொன்னார். இடையில் ஒரு பக்கம் போய்விட்டது. முதலில் தண்ணீர் விட்டு முழுக்கக் கழுவ வேண்டும், இரண்டும் ஒருபோதும் சேரக் கூடாது, சேர்ந்தால் நச்சு வாயு, கதவு ஜன்னல் திறந்திருக்க வேண்டும் என்கிற பக்கம்.

கேட்ட உடனே பிடித்துவிட்டேன். சொல்லத்தான் இல்லை.

அக்காவுக்கு இதெல்லாம் தெரியாதா என்று கேட்கிறீர்கள். அதுவரை எங்களுக்கு ஃபினாயில்தான், சார். புத்தகத்தை எடுத்த உற்சாகத்தில் முதலாளிதான் அதில் சொன்ன பாட்டில்களையெல்லாம் வாங்கி அடுக்கினார். "வெண்கலம் சார் சொல்ற மாதிரியே செஞ்சு பாக்கிறேன்" என்று அக்கா வாயெல்லாம் பல்லாகக் கேட்டார். பதிவை ஏற்றிக் கொடுத்தேன். கேட்டுத்தானே வாங்கினார், நான் திணிக்கவில்லை.

கொல்ல நினைத்தாயா என்றால், சத்தியமாக இல்லை. அவர் மேல் எனக்கென்ன பகை? ஒரு மயக்கம், ஒரு ஆஸ்பத்திரி, ஒரு புகார், வெண்கலம் வெளியே. கேட்கிறவர்களுக்கு எந்தக் குரல் நல்லது என்று ஒரு தடவையாவது புரியட்டும் என்பதுதான் என் எண்ணம். பொதுநலம் என்றுகூடச் சொல்லலாம்.

பதிவறைக்கு வெளியே சிவப்பு விளக்கு எரிந்தால் எங்கள் இடத்தில் எல்லாக் கதவையும் சாத்திவிட வேண்டும், காற்றாடி எல்லாம் நிற்க வேண்டும், கழிப்பறையில் காற்றை வெளியேற்றுகிற விசிறி உட்பட. அக்கா இதில் ரொம்பக் கறார். அன்று வெண்கலம் வரவில்லை, முதலாளியும் மற்றவர்களும் இல்லை. அக்கா வாளியோடு கழிப்பறைக்குள் போனதைப் பார்த்தேன். விளக்கைப் போட்டது நான்தான். அதைப் பார்த்து உள்ளிருந்தே கதவைச் சாத்தி விசிறியை அணைத்தது அவர்தான், அதைச் சரியாக எழுதிக்கொள்ளுங்கள்.

விளக்கை வீணாகவும் போடவில்லை. விடுபட்ட பக்கத்தை எப்படியும் யாராவது வாசித்து ஒட்டியாக வேண்டும் இல்லையா? நான் உட்கார்ந்து வாசித்தேன். அந்தப் பதிவுதான் இப்போது உங்கள் கையில் இருக்கிறது. இரண்டும் ஒருபோதும் சேரக் கூடாது என்கிற வரியில் பின்னால் ஒரு பெண் இருமுவது கேட்கிறது என்கிறீர்கள். உண்மைதான். சுவருக்கு அந்தப் பக்கம்தான் கழிப்பறை. கதவைத் தட்டுகிற சத்தமும் லேசாக இருக்கும், கூர்ந்து கேட்டால் தெரியும்.

அப்படிப்பட்ட பதிவை நான் யாருக்கும் அனுமதித்ததில்லை, எனக்கும் அனுமதிக்கவில்லை. வாசிப்பதை நிறுத்தினேன். இருமல் அடங்குகிற வரை அசையாமல் உட்கார்ந்திருந்தேன். நன்றாக அடங்கிய பிறகு அதே வரியை முதலிலிருந்து வாசித்தேன். அந்த இரண்டாவது வாசிப்பைக் கேட்டுப் பாருங்கள், சார். ஒரு பிசிறு இல்லை. உண்மையைச் சொல்லுங்கள், அந்த ஆள் வாசித்ததைவிட நன்றாக இல்லையா?