இடம் தெரியாத ஏழு சிப்பிகள்

முப்பத்தோராண்டு எங்கள் சீமைச்சுண்ணாம்புக் குவாரியைக் கண்ணெனக் காத்து, இன்று பணி நிறைவு பெறும் பொறுப்பாளர் ஐயாவுக்குக் புதைபடிவக் காப்பக ஊழியர்கள் வாசித்தளிக்கும் மடல்

வெண்பாறையின் விழித்துணையே! மழை விட்ட மறுகணம் குடையை மறந்து குவாரிக்கு ஓடும் கடமையே! சுண்ணாம்புத் தூசி படிந்த காலணியைக் கண்டு உங்கள் முதுகுக்குப் பின்னால் நாங்கள் சூட்டிய 'வெள்ளைச் செருப்பு' என்னும் பட்டத்தைத் தெரிந்தும் தெரியாதவர்போல் இருந்த பெருந்தன்மையே! வணக்கம்.

வெட்டியெடுக்க வந்தவர்களை நீங்கள் விரட்டியதை ஊரறியும். செங்குத்துச் சுவரில் முளைத்த செடியையும், "பச்சையா அழகாத்தான் இருக்கு, ஆனா பாறை அடுக்கு தெரியலையே" என்று பிடுங்கியதை நாங்களறிவோம். மழையில் உதிரும் சிப்பியோ கடற்பஞ்சோ, கல்லாய் உறைந்த ஒவ்வொன்றையும் எடுத்து, எந்த அடுக்கிலிருந்து விழுந்தது என்று சீட்டெழுதித் தட்டில் வைத்தீர்கள். சீட்டில்லாத சிப்பி வெறுங்கல் என்பது உங்கள் கட்சி.

இனி எங்கள் குற்றத்தையும் சபையறியச் சொல்லிவிடுகிறோம். சென்ற மாதம் நீங்கள் விடுப்பிலிருந்த மூன்று நாளில், இவ்விழாவுக்கு அழகு சேர்ப்பதாக எண்ணி, நானூறு புதைபடிவங்களையும் தேய்த்துக் கழுவி, சீட்டுகளைக் களைந்து, பெரிது சிறிது பார்த்துக் கண்ணாடிப் பேழையில் அடுக்கினோம். பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்தது. திரும்பி வந்த நீங்கள் பேழையைத் திறந்து ஒரு சிப்பியைக் கையிலெடுத்துத் திருப்பிப் பார்த்தீர்கள். பிறகு, "சரி, உக்காருங்க. ஒண்ணொண்ணாப் பாப்போம்" என்றீர்கள். திட்டியிருந்தால் எங்களுக்கு நிம்மதியாக இருந்திருக்கும்.

எஞ்சிய இருபத்திரண்டு நாளும் பழைய குறிப்பேடுகளை விரித்து, விளிம்பு உடைந்த விதத்தையும் ஓட்டின் கீறலையும் ஒப்பிட்டு, ஒவ்வொன்றுக்கும் அதன் இடத்தைத் திருப்பித் தந்தீர்கள். குறையில்லாத காப்பகத்தை ஒப்படைத்துவிட்டுப் போகவேண்டும் என்ற உங்கள் ஒரே ஆசை எங்களுக்குத் தெரியும். ஆயினும் ஏழு சிப்பிகள் மிஞ்சின. நேற்று மாலை எழுத்தர் அக்கா மனம் பொறுக்காமல், "ஏதோ ஒரு அடுக்கைப் போட்டுருங்கய்யா, யாருக்குத் தெரியப்போகுது?" என்றார். "எனக்குத் தெரியுமேம்மா" என்று சொல்லி, ஏழு சீட்டிலும் 'இடம் தெரியாது' என்றெழுதிக் கையொப்பமிட்டீர்கள். அக்கா அழுதுவிட்டார்.

ஐயா! நோய்நொடி அண்டாமல், வீட்டார் மகிழ, வெயிலும் மழையும் இனி உங்களுக்கு வெறும் வெயிலும் மழையுமாகவே இருக்க, நூறாண்டு வாழ்க! செருப்பை மட்டும் துடைத்துவிடாதீர்கள்.

அந்த ஏழு சீட்டில் நீங்கள் எங்களைக் காட்டிக்கொடுக்கவில்லை. இன்று காலை நாங்களே ஒவ்வொன்றிலும் ஒரு வரி சேர்த்தோம்: 'சீட்டைக் களைந்து கழுவியவர்கள்:' அதன்கீழ் இட்ட அதே கையொப்பங்களையே இங்கும் இடுகிறோம்.

காப்பக ஊழியர்கள், ஒன்பது பேரும்