வழி கேட்டு வருகிறவர்கள்

வழி கேட்டு வருகிறவர்கள் முதலில் மன்னிப்புக் கேட்பார்கள், கவனித்திருக்கிறீர்களா மேடம்? கண்ணாடியை இறக்கும்போதே “தொந்தரவு பண்றோம், மன்னிச்சுக்கங்க” என்பார்கள். இதில் தொந்தரவு என்ன இருக்கிறது? ஒருவன் தன் வீட்டு வாசலில் நிற்கிறான், இன்னொருவனுக்கு வழி தெரியவில்லை. இரண்டு மனிதர்கள் பேசத் தொடங்குவதற்கு இதைவிட நல்ல காரணம் எனக்குத் தெரிந்து வேறில்லை.

உட்காருங்கள். உங்கள் காலணி இன்றும் நனைந்திருக்கிறது. மின்விசிறியைக் கொஞ்சம் குறைத்துவிட்டால் சளி பிடிக்காது.

முதலிலிருந்து சொல்லச் சொன்னீர்கள். போன தடவை உங்களுடன் வந்தவர் மேசையைத் தட்டிக்கொண்டே இருந்தார். யாராவது தட்டினால் எனக்கு வாய் கட்டிக்கொள்ளும். அதனால்தான் அன்று உங்களுக்கு எதுவும் கிடைக்காமல் போயிற்று. இன்று நீங்கள் மட்டும் வந்தது நல்லது.

சாலைப் பாதுகாப்பு ஆய்வுக்கூடம் என்றால் வெளியே பெரிதாகத் தெரியும். நாங்கள் செய்வது ஒவ்வொரு சாலைக்கும் மார்க் போடுவதுதான். எங்கே வளைவு மோசம், எங்கே தண்ணீர் தேங்கும், எங்கே வண்டிகள் மோதியிருக்கின்றன என்று பார்த்து, எவ்வளவு ஆபத்து என்று கணிப்போம். வண்டிகளில் வழி சொல்லும் கருவி எங்கள் மார்க்கைப் பார்த்துத்தான் பாதையைத் தேர்ந்தெடுக்கிறது. புது வண்டிகளில் வேகமும் அதன் பொறுப்பு. ஆபத்தான சாலை என்றால் வண்டி தானே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். நல்ல சாலை என்றால் ஓட்டுகிறவரைச் சும்மா விட்டுவிடும்.

இதில் ஒரு கோணல் உண்டு. யாருமே போகாத சாலையில் விபத்தே நடக்காது. கணினியிடம் கேட்டால் அதைத்தான் பத்திரமான சாலை என்று சொல்லும். அதனால் ஒரு கட்டுப்பாடு வைத்திருந்தோம். கணினி போட்ட மார்க்கை, அந்தச் சாலையில் தன் கையால் வண்டி ஓட்டிய ஒருவர் சரி என்று சொல்ல வேண்டும். அவர் சொல்லிவிட்டால் அதற்கு மேல் கேள்வி கிடையாது. எங்கள் தலைவர் இதில் விடாப்பிடி. “ஆயிரம் படம் காட்டுங்கய்யா, ஓட்டுனவன் வாயில வந்தாத்தான் எனக்குச் செல்லும்” என்பார்.

என் வீடு ஆற்றுக்குப் போகும் சாலையில் கடைசி வீடு. வாங்கியபோது அது கடைசி வீடாக இல்லை. பாலம் இருந்தது, அக்கரைக்கு பஸ் போனது. பிறகு ஒரு வெள்ளத்தில் பாலத்தின் நடுப்பகுதி போய்விட்டது. அதைத் திரும்பக் கட்டாமல், ஆற்றின் மேல்பக்கம் வெகுதூரம் தள்ளிப் புதுப் பாலம் கட்டி நெடுஞ்சாலையை அந்தப் பக்கம் திருப்பிவிட்டார்கள். பஸ் நின்றது. கடைக்காரர் போனார். எதிர் வீட்டுக்காரர் ஜன்னல் சட்டங்களைக்கூடக் கழற்றிக்கொண்டு போனார். என் மனைவி கடைசியாகப் போனாள்.

சண்டை ஒன்றும் இல்லை. பெட்டியைக் கட்டி வைத்துவிட்டு, அவள் தம்பியின் வண்டி வரும்வரை சமையலறையில் நின்றுகொண்டிருந்தாள்.

“நான் கத்துனா நீங்களும் பதிலுக்குக் கத்தலாம்ல? அதுகூடக் கிடையாது. உங்களுக்கு இந்தச் சுவரு தேவல. தட்டுனா சத்தமாவது வருது.”

என்ன பதில் சொல்வது என்று யோசித்தேன். யோசித்து முடிப்பதற்குள் வண்டி வந்துவிட்டது.

எனக்குப் பேச ஆசை உண்டு மேடம். தொடங்கத்தான் வராது. யாராவது கேட்டால் எவ்வளவு வேண்டுமானாலும் பதில் சொல்வேன். கேட்காத ஒருவரிடம் நானாகப் போய் வாய் திறக்க என்னால் ஆனதே இல்லை.

முதல் வண்டி தானாக வந்தது. அதில் என் பங்கு எதுவும் இல்லை. ஒரு சனிக்கிழமை சாயங்காலம் அது என் வீட்டைத் தாண்டிப் போனது, உடைந்த பாலத்தைப் பார்த்துத் திரும்பி வந்து வாசலில் நின்றது. உள்ளே ஒரு கணவனும் மனைவியும், கல்யாண வீட்டுக்குப் போகிற உடையில்.

“தலபாடா அடிச்சுக்கிட்டேன், அவ பேச்சக் கேக்காதீங்கன்னு.”

“எவ பேச்ச?”

“அதான், உங்க பெட்டிக்குள்ள உக்காந்துக்கிட்டு இடது பக்கம் திரும்பு, வலது பக்கம் திரும்புன்னு கொஞ்சுறாளே, அவ பேச்ச. கட்டுனவ சொன்னா காது கேக்காது. அவ சொன்னா ஆத்துலகூட இறங்குவீங்க.”

கணவர் என்னைப் பார்த்து அசடு வழிந்தார். “தொந்தரவுக்கு மன்னிக்கணும்ணா. வழியும் தப்பிப் போச்சு, வாயும் மாட்டிக்கிச்சு.”

நான் சிரித்தேன். அந்த வீட்டில் என் சிரிப்புச் சத்தம் எனக்கே புதிதாக இருந்தது. உள்ளே அழைத்து டீ போட்டுக் கொடுத்தேன். எந்த முனையில் திரும்ப வேண்டும், எந்த இடத்தில் லாரிகள் நிற்கும் என்று விளக்கமாகச் சொன்னேன். அந்தப் பெண், “எவ்வளவு பொறுமையா சொல்றீங்கண்ணா, இவரும் இருக்காரே” என்றாள். அவர்கள் போன பிறகு டம்ளர்களை உடனே கழுவவில்லை. மறுநாள்வரை மேசைமேல் அப்படியே இருந்தன.

திங்கட்கிழமை பிரேக்கு என் மேசைக்கு வந்தார். வண்டி எத்தனை தூரத்தில் நிற்கும் என்று ஆராய்கிறவர் என்பதால் அவருக்கு அந்தப் பெயர். நிஜப் பெயரை ஆய்வுக்கூடத்தில் யாரும் கூப்பிடுவதில்லை.

“சார், உங்க தெருவுக்குக் கணினி சும்மா தங்கம் மாதிரி மார்க் போட்டு வச்சிருக்கு. சனிக்கிழம, யாரும் சரின்னு சொல்றதுக்குள்ள, தவறிப்போய் ஒரு வண்டியக்கூட அனுப்பியிருக்கு. பாலத்தத் திரும்பக் கட்டிட்டாங்களா என்ன?”

இல்லை என்று சொல்லியிருக்க வேண்டும். ஒரு சொல்தான். நான் அந்த இரண்டு டம்ளர்களை நினைத்துக்கொண்டிருந்தேன்.

“கட்டிட்டாங்க” என்றேன்.

“அட, சொல்லவே இல்ல பாருங்க. இனிமே லேட்டா வர உங்களுக்குச் சாக்கே கிடையாது. உங்க தெருவுக்கு உங்கள விட்டா யாரு சாட்சி? நீங்களே சரின்னு போட்டு விட்டுருங்க.”

போட்டு விட்டேன்.

அதற்குப் பிறகு வந்தார்கள். தினமும் இல்லை, ஆனால் வந்தார்கள். பணி முடிந்து போகும் ஒரு நர்ஸ். என் பெஞ்சிலேயே தூங்கிப்போன ஒரு சரக்கு வண்டி ஓட்டுநர். புதிதாகக் கல்யாணமான இருவர், வழி தவறியதற்காக ஒருவரையொருவர் குற்றம் சொல்லாமல் சிரித்துக்கொண்டே இருந்தார்கள். எல்லாரும் பாலம்வரை போய்த் திரும்பி என் வாசலில் நிற்பார்கள். வண்டிகள் அங்கே கொஞ்ச நேரம் நின்றுவிட்டுப் பத்திரமாகப் போவதைக் கருவியும் பார்த்தது. மக்களுக்குப் பிடித்த இடம் போலிருக்கிறது என்று புரிந்துகொண்டு இன்னும் அனுப்பியது. அது புரிந்துகொண்டதில் தவறு இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை.

ஒரு குறைதான் இருந்தது. என் வீட்டுக்குக் கொஞ்சம் முன்னால் ‘பாலம் இல்லை’ என்று ஒரு பலகை நின்றது. கவனமாக ஓட்டுகிறவர்கள் அதைப் பார்த்து அங்கேயே திருப்பிக்கொண்டு போனார்கள். வாசலில் நின்று பார்த்தால் அவர்களுடைய பின்விளக்குகள் தெரியும். அதைப் பார்ப்பது யாரும் வராததைவிடக் கஷ்டமாக இருந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை ஸ்பானரை எடுத்துப்போய் அதைக் கழற்றினேன். உங்கள் ஆட்கள் அதை என் பீரோவுக்குப் பின்னால் பார்த்தார்கள். துடைத்து, போர்வையில் சுற்றித்தான் வைத்திருந்தேன். பாலத்தின் வாயில் நின்ற இரும்புப் பீப்பாய்களைப் பற்றிக் கேட்டீர்கள். அவற்றை யாரோ எப்போதோ உருட்டிக்கொண்டு போய்விட்டார்கள். அது நான் இல்லை.

ஆபத்தை நினைக்கவில்லையா என்று கேட்டீர்கள். நினைக்காமல் இருப்பேனா, என் தொழிலே அது. பாலம்வரை நடந்துபோய்ப் பார்த்தேன். பகலில் உடைப்பு தூரத்திலிருந்தே தெரியும், நிறுத்த இடம் போதும். இரவுக்கு வாசல் விளக்கை எரியவிட்டேன், அதைப் பார்த்து முதலிலேயே நின்றுவிடுவார்கள். மழையையும் கணக்கில் எடுத்தேன். மழையில் அந்தத் தூரம் போதாது. ஆனால் மழை என்பது வருடத்தில் கொஞ்ச நாள்தானே.

அந்த ஞாயிறு மதியம் நல்ல மழை. வாசலில் நின்றிருந்தேன், ஒரு கார் கொஞ்சமும் வேகம் குறையாமல் தாண்டிப் போனது. கருவி அதை நல்ல சாலை என்று நினைத்துக்கொண்டிருந்தது. ஓட்டியவர் ஸ்டியரிங்கைப் பெயருக்குத்தான் தொட்டுக்கொண்டிருந்தார். பக்கத்தில் ஒரு பெண் தலை சாய்த்துத் தூங்கினாள். பின்னால் ஒரு சிறுமி, ஆவி படிந்த கண்ணாடியில் விரலால் எதையோ வரைந்தாள். என்னைப் பார்த்ததும் வரைவதை நிறுத்திவிட்டுக் கையை ஆட்டினாள். நானும் ஆட்டினேன். பிறகு உள்ளே போய் அடுப்பைப் பற்றவைத்து, பெரியவர்களுக்கு டீயும் குழந்தைக்குப் பாலும் வைத்தேன்.

சத்தம் கேட்டதா என்று உங்களுடன் வந்தவர் கேட்டார். கேட்டது. வண்டிக் கதவைச் சாத்துவது போல ஒரு சத்தம். இறங்கிவிட்டார்கள் என்று நினைத்து டம்ளர்களை எடுத்து வைத்தேன்.

வரவில்லை. பாலில் ஆடை படிந்தது. என் டீயை நான் குடித்தேன். சொன்னால் சிரிப்பீர்கள், எனக்குக் கொஞ்சம் மனத்தாங்கலாகக்கூட இருந்தது. கையை ஆட்டிவிட்டு அப்படியே போய்விட்டாளே என்று. எங்கே போயிருக்க முடியும் என்பது எனக்குத் தெரியும். பாலம் இல்லை என்பது என்னைவிட யாருக்குத் தெரியும்? ஆனால் அவர்களாக வந்து என்னிடம் எதையும் கேட்கவில்லை. கேட்காதவர்களிடம் போக எனக்கு வராது என்று முதலிலேயே சொன்னேன். டம்ளர்களைக் கழுவிக் கவிழ்த்து வைத்துவிட்டு ரேடியோ போட்டேன்.

ஆகவே எழுதிக்கொள்ளுங்கள். பாலம் இருக்கிறது என்று சொன்னது நான். பலகையைக் கழற்றியது நான். மூன்று பேர் தண்ணீருக்குள் இருந்தபோது அடுப்பை அணைத்துக்கொண்டிருந்தது நான். இதில் எதையும் நான் மறுக்கவில்லை.

ஆனால் நீங்கள் இதற்காக வரவில்லை. மற்ற சாலைகளுக்காக வருகிறீர்கள்.

அதை நான் எனக்காகச் செய்யவில்லை, அதையாவது நம்புங்கள். வேலைக்காக ஊர் ஊராக வண்டி ஓட்டிய காலத்தில் என் வீடு போன்ற வீடுகளை நிறையப் பார்த்திருக்கிறேன். சாலை முடிகிற இடத்தில் ஒரே வீடு, ஒரே விளக்கு. கல்குவாரிப் பள்ளத்தின் விளிம்பில் ஓய்வுபெற்ற தபால்காரர் ஒருவர் இருந்தார். நான் வழி கேட்டதற்கு அவர் தன் முழுக் கதையையும் சொன்னார். வண்டியின் கதவைப் பிடித்துக்கொண்டு விடவே இல்லை. அவருக்கும் நாலு பேர் வந்தால் என்ன என்று நினைத்தேன். ஓட்டியவன் நான், என் வாய் செல்லும். அவர் சாலைக்கும் நல்ல மார்க் போட்டேன். அப்படி இன்னும் சிலருக்கு. அவர்களுக்கு இது தெரியாது. நன்றியை எதிர்பார்த்துச் செய்ததில்லை.

இத்தனை வருடத்தில் நான் சரி என்று சொன்ன சாலைகள் ஏராளம். அவற்றில் எவை அப்படிப்பட்டவை என்று கணினியில் தேடினால் தெரியாது. பார்வைக்கு எல்லாம் ஒன்றுபோலத்தான் இருக்கும். ஒவ்வொன்றாக ஓட்டிப் பார்க்க வேண்டும், மழைக்காலம் அதற்குள் முடிந்துவிடும். மொத்தத்தையும் அணைத்துவிடலாம் என்று பிரேக்கு சொன்னாராமே. பாவம், அழுதார் என்றும் சொன்னீர்கள். அணைத்தால் மலைப்பாதை வளைவுகளில் வண்டிகள் தாமாக வேகத்தைக் குறைப்பதும் நின்றுபோகும். அதில் எத்தனை பேர் விழுவார்கள் என்பது அவருக்கே தெரியும்.

முதல் தடவை நீங்கள் தனியாக வந்தபோது குவாரிச் சாலையைச் சொன்னேன். அன்றே தடுப்பு வைத்துவிட்டீர்கள். தபால்காரர் ஏன் யாரும் வரவில்லை என்று பார்த்துக்கொண்டிருப்பார். இன்று இன்னொன்று சொல்கிறேன். மூடிவிட்ட ரயில்வே கேட்டுக்கு அப்பால், நொண்டி நாயோடு ஓர் அம்மா தனியாக இருக்கிறார். கேட்டைத் தாண்டியதும் மண் சரிவு. இதோ, இந்தப் படத்தில் இந்த இடம்.

“மிச்சத்தையும் சொல்லிருங்க சார். கையெடுத்துக் கும்பிடுறேன். இப்ப, இந்த நிமிஷம், அங்க ஒரு வண்டி குழந்தையோட போய்க்கிட்டு இருந்தா?”

இருக்கலாம். யாராவது வாசலில் நிற்பார்கள், விளக்கு எரியும். பெரும்பாலும் நின்றுவிடுவார்கள்.

நீங்கள் இப்படிக் கேட்கும்போது எனக்கு எவ்வளவு இதமாக இருக்கிறது என்று உங்களுக்குத் தெரியாது. என் மனைவியிடம்கூட நான் ஒரே மூச்சில் இவ்வளவு பேசியதில்லை. இதற்குள் எழுந்துவிட்டீர்களே. சரி, அந்தத் தடுப்பை வைக்க வேண்டும், அவசரம்தான். குடையை மறந்துவிடாதீர்கள், வெளியே மறுபடி பிடித்துக்கொண்டது.

நாளைக்கு வாருங்கள், அடுத்ததைச் சொல்கிறேன். என்னிடம் வழி கேட்டு வந்த ஒருவரையும் நான் இன்றுவரை தவிக்கவிட்டதில்லை.