மஞ்சுக்கும் ஒரு கொக்கி

ஏலமலைப் பிள்ளைகளின் முகம் பார்த்தே மனம் அறிந்து, இருபத்தொன்பது ஆண்டுகள் பணி செய்து ஓய்வு பெறும் எங்கள் தலைமையாசிரியர் சந்தனமேரி டீச்சர் அவர்களே! வணக்கம்.

ஆறு ஆண்டுகளுக்கு முன் பள்ளி வாசலில் ஒரு பலகை மாட்டினீர்கள். வெயில், மேகம், மூடுபனியாகிய மஞ்சு, மழை என நான்கு வரிசைக் கொக்கிகள். காலையில் வந்ததும் அவரவர் பெயர் அட்டையை அன்றைய மனதுக்கு ஏற்ற வரிசையில் அவரவரே மாட்ட வேண்டும். மழையில் மாட்டியவர் பக்கத்தில் ஒருவர் நிற்க வேண்டும். காரணம் கேட்கக் கூடாது. மாணவர், ஆசிரியர், சமையல் செய்யும் ஞானஜோதி அக்கா, எல்லோருக்கும் அட்டை உண்டு.

எவரையும் விட்டுவிடாத பிடிவாதமே! எஸ்டேட் பிள்ளைகளை ஏற்றிவரும் ஜீப் ஓட்டுநர் யாக்கோபு அண்ணன் முரண்டு பிடித்தார்.

"நான் என்ன ஒண்ணாங்கிளாஸா டீச்சர்?"

"நீங்க உர்ருன்னு வந்தா ஜீப்பே உர்ருன்னு வருது. மாட்டுங்க யாக்கோபு."

மாட்டினார். இன்றும் மாட்டுகிறார்.

தவறை மறைக்காத தலைமையே! கடந்த ஜூலையில் நம் ஆசிரியர் ஒருவரின் மனைவி இறந்தார். அவர் பணிக்குத் திரும்பிய நாளில் பலகையில் அவர் அட்டை இல்லை. நான்காம் வகுப்பு முத்துப்பேச்சி அசெம்பிளியிலேயே கேட்டாள்:

"சார் அட்டையக் காணோம் டீச்சர். சாரும் போயிருவாங்களா?"

"நான்தான் எடுத்து வச்சேன். சாருக்குக் கஷ்டமா இருக்கும்னு நானே முடிவு பண்ணிட்டேன். தப்பு. மன்னிச்சிருங்க சார்" என்று அத்தனை பிள்ளைகள் முன்னும் சொல்லி, அட்டையை அவர் கையில் கொடுத்தீர்கள். அவர் அதை மஞ்சில் மாட்டினார்.

"மஞ்சுக்கும் பக்கத்துல நிக்கலாமா டீச்சர்?" என்றாள் முத்துப்பேச்சி.

"நில்லும்மா."

அன்று முதல் அதுவும் விதியானது. அந்த ஆசிரியர், எல்லோர் சார்பிலும் இதை எழுதும் நான்தான்.

சென்ற மாதப் பெற்றோர் கூட்டத்தில், பலகை இருக்கும் சுவரில் பெரிய டிஜிட்டல் திரை மாட்டலாம் என்ற பேச்சு எழுந்தது. "டீச்சரே போறாங்க, இனிப் பலகை எதுக்கு?" என்றார் ஒரு பெற்றோர். பதில் சொல்ல வேண்டியவர்கள் நாங்கள். இப்போது சொல்கிறோம்: பலகை இருக்கும். திரைக்கு வேறு சுவர் பார்ப்போம்.

உடல்நலத்தோடும் நிறைந்த மனத்தோடும் நெடுங்காலம் வாழுங்கள் டீச்சர். உங்கள் அட்டையை நாங்கள் எடுக்கப்போவதில்லை. எடுப்பதா விடுவதா என்பதை நீங்கள் முடிவு செய்யுங்கள்.

ஜூனில் பள்ளி திறக்கும் காலை, முதல் அட்டையை நான் மாட்டுவேன். அன்றும் மஞ்சாகவே இருக்கலாம். மாட்டுவேன்.

இப்படிக்கு,
பலகையில் பெயருள்ள
ஆசிரியர்கள், அலுவலர்கள், சமையலறை, ஜீப்