சிவப்புப் பட்டையை இழுத்தது யார் என்பது பற்றி மன்பர் கூறியது

என் பெயர் மன்பர். வயது இருபத்தேழு. எட்டாம் வகுப்பு வரை படித்திருக்கிறேன். தகப்பனார் பெயர் ஹர்ஜிராம், பிறந்த ஊர் கேஜ்ரியாவாஸ். கல்யாணம் செய்து கொடுத்த ஊர் நாங்கல் கலான். இரண்டும் ஜெய்ப்பூர் மாவட்டம். கணவர் பெயரை வாயால் சொல்லும் வழக்கம் எங்களிடம் இல்லாததால் தாளில் எழுதிக் காட்டினேன், கஜோட்மல் என்று பதிவு செய்துகொண்டார்கள். விலாசம் என்ற இடத்தில் இரண்டு ஊரில் எதைப் போடுவது என்று எழுத்தர் கேட்டார். காலியாக விடுங்கள், கடைசியில் சொல்கிறேன் என்றேன். அறையில் நீதிபதி அம்மாவும் எழுத்தரும் தவிர யாரும் இல்லை. என் தம்பி ராம்பூல் வராந்தாவில் நின்று ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தான். ஜன்னலைச் சாத்தச் சொன்னேன், சாத்தினார்கள்.

என் கணவர் ஒரு பலூன் கம்பெனியில் தரைவேலை பார்க்கிறார். விடியற்காலையில் சுற்றுலா வந்தவர்களை ஏற்றிக்கொண்டு பலூன் மேலே போகும், இவர் கீழே ஜீப்பில் துரத்திக்கொண்டே போய், அது எந்த வயலில் இறங்குகிறதோ அங்கே பிடித்து மடித்துக் கட்டிக் கொண்டுவருவார். ஏழு வருஷமாக இந்த வேலை. ஒரு நாளும் அதில் ஏறியதில்லை. மதியம் வீட்டுக்கு வந்ததும் கம்பு ரொட்டியைக் கையில் வைத்துக்கொண்டு அன்றைய கதையைச் சொல்லுவார். என்னிடம் அவர் பேச்சுக்குக் குறைவே இல்லை. ஒரு தடவை கட்டிலில் கயிறு கட்டி, கூடையில் கயிறு எப்படி மாட்டியிருக்கும் என்று செய்து காட்டினார். கூடைப் பக்கம் ஒரு கொக்கி இருக்கும், கொக்கியில் சிவப்புப் பட்டை தொங்கும், அதை இழுத்தால் எவ்வளவு இறுகின கயிறும் அந்த நொடியே கழன்றுவிடும், ஆகவே அதைத் தொடவே கூடாது என்று சொன்னார். வழக்குக்குத் தேவை என்பதால் இதைச் சொல்கிறேன்.

எங்கள் கல்யாணம் பெண் கொடுத்துப் பெண் எடுக்கும் பேச்சில் நடந்தது. நான் அங்கே போவது, என் கணவரின் தங்கை வளர்ந்ததும் என் தம்பி ராம்பூலுக்கு வருவது. அந்தப் பெண் வளர்ந்தாள், நர்சு படிப்புக்குப் போனாள், ராம்பூலைக் கட்டிக்கொள்ள மாட்டேன் என்று சொல்லிவிட்டாள். அவளை நான் குறை சொல்ல மாட்டேன். ராம்பூலோடு ஒரே வீட்டில் வளர்ந்தவள் நான். அதன் பிறகு தீபாவளி கழிந்த மூன்றாம் நாள், அம்மாவுக்கு உடம்பு சரியில்லை என்று ராம்பூல் வந்து என்னை அழைத்துப்போனான். போய்ப் பார்த்தால் அம்மா எருமை கறந்துகொண்டிருந்தாள். அதன் பிறகு என்னைத் திருப்பி அனுப்பவில்லை.

அதன் பிறகு என் கணவர் என்னை அழைத்துப்போக நான்கு தடவை வந்தார். மாமனார் ஊரில் மாப்பிள்ளையைத் துரும்பைக்கூட எடுத்துப்போட விடமாட்டார்கள். மாப்பிள்ளையும் பெரியவர்கள் எதிரில் வாயைத் திறந்து எதுவும் கேட்கக் கூடாது. பெண்டாட்டியை அனுப்புங்கள் என்று அவராகக் கேட்டால் வெட்கங்கெட்டவன் என்று ஊர் சிரிக்கும். பெரியவர்கள்தான் வந்த காரியம் தெரிந்து அனுப்பிவைக்க வேண்டும். எங்கள் வீட்டில் தெரிந்தும் தெரியாத மாதிரி இருந்துவிட்டார்கள். நான்கு தடவையும் கட்டில் போட்டு, தலைப்பாகை கட்டி, சூர்மா என்ற இனிப்பில் நெய்யை ஊற்றிக் கொடுத்தார்கள். அப்பா, "பயிரு எப்படி மாப்பிள்ளை?" என்பார். இவர், "பரவாயில்ல" என்பார். "எருமை?" "நல்லாயிருக்கு." அதோடு சரி, எழுந்து போய்விடுவார். மூன்றாம் தடவை சூர்மாவை மறுபடியும் வாங்கிச் சாப்பிட்டார்.

நான்காம் தடவை அவர் செருப்பு மாட்டும்போது கதவுக்குப் பின்னால் நின்று, "அடுத்த தடவை வாயக் கழட்டி வீட்டுல வச்சிட்டு வாங்க. திங்கறதுக்கு வேணும்னா நான் ஒண்ணு கடன் தர்றேன்" என்றேன். அவர், "என்ன பண்ணச் சொல்ற? பெரியவங்க எதிர்ல எப்படி..." என்று முணுமுணுத்துவிட்டுப் போனார். அதன் பிறகு வரவில்லை.

அதன் பிறகு என்னை நாத்தாவாக வேறு ஒருவருக்குக் கொடுப்பதென்று அப்பாவும் சித்தப்பா லாதுவும் முடிவு செய்தார்கள். நாத்தாவுக்குப் புரோகிதர் வேண்டாம், அக்கினி வேண்டாம், அந்தப் பக்கத்து ஆட்கள் வந்து புது முக்காட்டை என் தலையில் போர்த்தினால் நான் அவர்கள் வீட்டுப் பெண். இதை எனக்குச் சொன்னது அம்மா, அதுவும் மாவு பிசைந்துகொண்டே.

"வெள்ளிக்கிழமை வர்றாங்க. தலைக்குக் குளிச்சிடு."

"எனக்குப் புருஷன் உயிரோட இருக்காரும்மா."

"இருக்காரு. இருந்து? நாலு தடவை வந்தாரே, ஒரு வார்த்தை கேட்டாரா?"



அந்த வெள்ளிக்கிழமை ஹோலிக்குப் பன்னிரண்டு நாள் இருந்தது. கிழக்கு வெளுத்து, சூரியன் இன்னும் மலைக்கு மேல் வராத நேரம், நான் வீட்டுக்குப் பின்னால் எருமைக்குக் குதிரைமசால் அறுத்துக்கொண்டிருந்தேன். அப்போது பலூனுக்குள் நெருப்பு ஊதும் பர்னர் சத்தம் கேட்டது. கிளம்பின கொஞ்ச நேரத்திலேயே காற்று செத்துப்போனதால் பலூன் கடுகு வயலுக்கு மேல் தாழ்ந்து வந்து எங்கள் தரிசில் இறங்கியது. என் கணவர் திட்டம் போட்டுப் பலூனை ஓட்டிவந்து என்னைக் கடத்தினார் என்று ராம்பூலின் புகாரில் இருக்கிறது. பலூனுக்கு ஸ்டீயரிங் கிடையாது என்பதைப் பதிவு செய்யும்படி கேட்டுக்கொள்கிறேன்.

அதன் பிறகு ஜீப் வந்தது. ஓட்டுநர் ஷஃபியும் என் கணவரும் இறங்கினார்கள், மற்ற ஆட்களின் வண்டி மணலில் புதைந்து பின்தங்கிவிட்டது. வேலியெல்லாம் முள்ளாக இருந்ததால் பலூனை அங்கே சரிக்க முடியாது, நிமிர்ந்தபடியே கயிறு பிடித்துப் பாதை வரை நடத்திக்கொண்டு போக வேண்டும் என்று ஓட்டி வந்த கேப்டன் சால்வி சொன்னார். என் கணவர் கூடைக் கொக்கியில் கயிற்றை மாட்டி மறுமுனையைக் கையில் பிடித்துக்கொண்டார். வேடிக்கை பார்க்க வந்த எங்கள் ஊர் மருமகள்கள் எட்டுப் பேரைக் கூடையின் விளிம்பை அழுத்திப் பிடிக்கச் சொன்னார்கள், பிடித்தார்கள்.

கூடைக்குள் கேப்டனைத் தவிர நான்கு பயணிகள். அதில் கல்கத்தாவிலிருந்து வந்த நந்தி என்ற வயதான அம்மாவுக்குத் தலை சுற்றி வாந்தி வந்தது, இறங்கியே ஆக வேண்டும் என்றார். கேப்டன், "ஒருத்தர் ஏறின பிறகுதான் ஒருத்தர் இறங்கலாம், எடை குறையக் கூடாது" என்றார். என் கணவர், "யாராவது ஏறுங்கப்பா, ரெண்டே நிமிஷம்!" என்று கூப்பிட்டார். ஆண்கள் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். "நீ ஏறேன்டா." "நான் பால் ஊத்தப் போகணும்." "தைரியசாலி, உனக்கு மாடே கிடையாதேடா!" இப்படியே போய்க்கொண்டிருந்தது. நான் அரிவாளைப் போட்டுவிட்டு ஏறினேன். பிறந்த ஊரில் எனக்கு முக்காடு கிடையாது, ஆனால் நாலு பேர் எதிரில் கணவர் நிற்கிறார் என்பதால் இழுத்துவிட்டுக்கொண்டேன். அவர் பார்த்தார். நந்தி அம்மாள் இறங்கினார். அவர் என்னைப் போல் இரண்டு மடங்கு இருப்பார்.

அதன் பிறகு அப்பாவும் லாது சித்தப்பாவும் ராம்பூலும் வீட்டிலிருந்து வந்தார்கள். அப்பா தூரத்திலேயே, "அடடே, மாப்பிள்ளை! மாப்பிள்ளை கையில கயிறா? ஊரு என்னய்யா பேசும்?" என்றார். சித்தப்பா, "குடுங்க மாப்பிள்ளை, நாங்கல்லாம் செத்தா போயிட்டோம்?" என்று கயிற்றைப் பிடுங்கி ராம்பூலிடம் கொடுத்தார். ராம்பூல் அதைத் தரிசில் நின்ற எங்கள் டிராக்டரில் கட்டினான், நன்றாகத்தான் கட்டினான். என் கணவர், "கயிறு... மாமா, அந்தக் கயிறு..." என்று சொல்லிக்கொண்டிருக்கும்போதே கட்டில் வந்துவிட்டது, உட்காரவைத்துவிட்டார்கள். பெரியவர்களின் கையைத் தள்ளிவிட அவருக்கு வரவில்லை.

பெரியவர்கள் வந்ததால் கூடையைப் பிடித்திருந்த மருமகள்கள் எட்டுப் பேரும் கையை எடுத்து முக்காட்டை இழுத்துக்கொண்டு திரும்பி நின்றார்கள். கேப்டன், "கையை எடுக்காதீங்க, கையை எடுக்காதீங்க!" என்று கத்தினார். அவர் யாருக்கும் மாமனார் இல்லை, யாரும் காதில் வாங்கவில்லை.

அதன் பிறகு பலூன் அந்த ஒரு கயிற்றில் மட்டும் நின்றது. கேப்டன் அந்தப் பக்கம் திரும்பி வாக்கிடாக்கியில் பேசிக்கொண்டிருந்தார். கீழே என் கணவருக்கு அப்பா தலைப்பாகை கட்டத் தொடங்கினார், சித்தப்பா வாயில் வெல்லக்கட்டியை வைத்தார். அப்பா, "பயிரு எப்படி மாப்பிள்ளை?" என்றார். அவர் வெல்லத்தோடு, "பரவாயில்ல" என்றார். ராம்பூல் கூடைக்குப் பக்கத்தில் நின்று யாரிடமோ, "டீயக் குடுத்துச் சீக்கிரம் அனுப்புங்கடா, பத்து மணிக்கு அவங்க வந்துருவாங்க" என்றான். அப்பா, "எருமை?" என்றார். அவர் "நல்லாயிருக்கு" என்று சொல்வதற்கு முன் நான் சிவப்புப் பட்டையை இழுத்தேன்.

கூடை குலுங்கி மேலே போனது. முதலில் பார்த்தது ஷஃபி, "ஐயய்யோ" என்றான். அதன் பிறகு என் கணவர் கட்டிலிலிருந்து எழுந்து ஓடிவந்தார். அப்பா தலைப்பாகையின் நுனியை விடாமல் பிடித்துக்கொண்டு நின்றதால் அது அவர் பின்னால் அவிழ்ந்துகொண்டே வந்தது. வெல்லத்தைத் துப்பிவிட்டு, "மன்பர்!" என்று கத்தினார். கல்யாணமாகி ஏழு வருஷத்தில் பெரியவர்கள் எதிரில் என் பெயரை அவர் சொன்னது இல்லை. அதன் பிறகு, "என் பொண்டாட்டிய எனக்குக் குடுங்க!" என்று கத்தினார். யாரைப் பார்த்துக் கேட்டார் என்று மேலிருந்து தெரியவில்லை. ஊரே கேட்டது. எனக்கு அழுகை வந்தது, சிரிப்பும் வந்தது. முக்காட்டை எடுத்துவிட்டேன்.

ராம்பூலுக்குக் கயிறு கட்டத் தெரியவில்லை என்று கேப்டன் திட்டினார். அப்போதே உண்மையைச் சொல்லியிருக்க வேண்டும், சொல்லவில்லை, அது என் தப்பு. அதன் பிறகு சூரியன் மலைக்கு மேல் வந்தது. அழகாக இருந்ததா என்று எழுத்தர் கேட்டார். இருந்தது. அது வழக்குக்கு வேண்டாமென்றால் அடித்துவிடலாம். நான் பார்த்தது வேறு. நாங்கல் கலானில் எங்கள் வீட்டு மாடியில் இருக்கும் நீலத் தொட்டி தெரிந்தது. இரண்டு ஊருக்கும் நடுவே ஏழு வருஷம் போய்வந்திருக்கிறேன், எப்போதும் யாராவது அழைத்துப்போக, முக்காட்டுக்குள், ஜீப்பின் பின்சீட்டில், நெடுஞ்சாலையைச் சுற்றி ஒன்றரை மணி நேரம். மேலிருந்து பார்த்தால் நடுவில் ஒரு காய்ந்த ஆறு, அதைக் கடக்க ஒரு ஆட்டுத்தடம். அவ்வளவுதான் தூரம். இதற்கா நாலு மாதம் உட்கார்ந்திருந்தேன் என்று நினைத்தேன்.

மேலே வீசின காற்று பலூனை ஆற்றுப் பக்கம் தள்ளியது, அதன் பிறகு கேப்டன் ஆற்று மணலில் நாங்கல் பக்கமாக இறக்கினார். யாருக்கும் அடிபடவில்லை. அந்த மூன்று பயணிகளிடமும் மன்னிப்புக் கேட்கிறேன், அதில் ஒருவர் இறங்கும்போது இன்னொரு சுற்று உண்டா என்று கேட்டார். ஜீப் வந்தது. என் கணவர் காலில் செருப்பு இல்லை, தலையில் ஒன்றும் இல்லை, வாயோரம் வெல்லம் ஒட்டியிருந்தது. மூச்சு வாங்கிக்கொண்டே, "கேட்டுட்டேன்" என்றார். "காதுல விழுந்துச்சு" என்றேன்.

அதன் பிறகு ராம்பூல் போலீசோடு வந்தான். ஆள் இருக்கும் பலூனின் கயிற்றைக் கழற்றுவது எவ்வளவு பெரிய குற்றம் என்று என் கணவருக்குத் தெரியும். இன்ஸ்பெக்டர் கயிற்றைப் பற்றிக் கேட்டதும் என்னைத் திரும்பிப் பார்த்தார், அதன் பிறகு, "நான்தான் சார் கழட்டினேன். அவளுக்கு இதெல்லாம் தெரியாது" என்றார். அவரை அழைத்துப்போய்விட்டார்கள், என்னைப் பெண்கள் காப்பகத்தில் வைத்தார்கள். இன்றோடு நான்கு நாள் ஆகிறது.

அவர் சொன்னது பொய். பட்டையை இழுத்தபோது அவர் இருபது அடி தள்ளிக் கட்டிலில் உட்கார்ந்திருந்தார், அவர் தலை என் அப்பாவின் கையில் இருந்தது. ஊரில் எல்லாரும் பார்த்தார்கள். இழுத்தது நான். தெரிந்தே இழுத்தேன். இப்படிச் சொன்னால் வழக்கு என் மேல் திரும்பலாம், சொல்லவேண்டிய கட்டாயம் இல்லை என்று நீதிபதி அம்மா இரண்டு தடவை எடுத்துச் சொன்னார். புரிந்துகொண்டுதான் சொல்கிறேன். குற்றமென்றால் என் பெயரில் எழுதிக்கொள்ளவும். என்னை யாரும் கடத்தவில்லை.

யாருடன் போக விரும்புகிறாய் என்று நீதிபதி அம்மா கேட்டார். யாருடனும் இல்லை. அப்பா அனுப்பிவைக்க வேண்டாம், கணவர் வந்து அழைத்துப்போக வேண்டாம், போலீஸ் ஜீப்பும் வேண்டாம். கேஜ்ரியாவாஸ் நிறுத்தத்தில் பஸ்ஸை விட்டு இறங்கி, ஊருக்குள் போகாமல் ஆட்டுத்தடத்தில் ஆற்றைக் கடந்தால் நாங்கல் கலான். எனக்கு வழி தெரியும், மேலிருந்து பார்த்திருக்கிறேன். அவரை விட்டுவிட்டால் பின்னால் வரட்டும், ரொட்டி சுட்டு வைத்திருப்பேன். மேலே காலியாக விட்ட விலாசத்தில் நாங்கல் கலான் என்று போட்டுக்கொள்ளவும்.

எழுதியதை எனக்கு முழுவதும் வாசித்துக் காட்டினார்கள். நான் சொன்னதுதான் இதில் இருக்கிறது, யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை, மிரட்டவில்லை, நடந்தது இதுவே. வழக்கம்போலக் கைநாட்டு வைக்க மையை நீட்டினார்கள். எழுதத் தெரியும் என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டேன்.

(ஒப்பம்)
மன்பர்
நாங்கல் கலான்