சீக்கிரம் முடியற புக்கு

இல்லம்மா, காபி வாணாம். ஒக்காரவும் வாணாம். சரி, ஒக்காரறேன், நீ மொறைக்காத. மொதல்ல புக்க எடு. ரெண்டு இருக்குதுன்னு சொன்ன இல்ல, ரெண்டையும் எடுத்துகினு வா. எனக்கு இங்கிலீசு தெரியாதுதான். கையில வாங்கிப் பாத்தா இன்னா, தேஞ்சா போயிடும்?

நான் யாருன்னு இன்னும் சரியா புடிபடல போலக்குது ஒனக்கு. பாகூர் கலியம்மா. ஒங்கூட காலேஜுல படிச்சா இல்ல அர்ச்சனா, அவ மாமியாக்காரி. கல்யாணத்துக்கு வந்து பந்தியில எம் பக்கத்துலதான் ஒக்காந்த. இவதான் அத்த ஏஞ்சல் மேரின்னு அவ காட்டுனா. இந்தக் கம்ப்யூட்டர் பரிச்சய ஏஞ்சல் பாஸ் பண்ணிட்டா, ஏஞ்சல் பாஸ் பண்ணிட்டான்னு அவ வாயில நீதான் கெடப்ப. அதான் பஸ் புடிச்சி வில்லியனூர்ல எறங்கி, மாதா கோயிலாண்ட ஒங்கம்மா பேரச் சொல்லி விசாரிச்சி வந்துட்டேன்.

அவளுக்குத் தெரியாது, நான் வந்தது. ஃபோனக் கீழ வை கண்ணு. இப்ப பண்ணாத. பண்ணாலும் அவளால சட்டுனு எடுக்க முடியாது, வலது கையில கட்டு போட்டுருக்குது.

சொல்றேன். மொதல்ல இதச் சொல்லு. இது குண்டா இருக்குது, இது ஒல்லி. எது நல்லது? குண்டா? எல்லாத்தையும் அடியில இருந்து வெளக்கிச் சொல்லுமா. ஆங். அப்ப ஒல்லி? கேள்வியும் பதிலுந்தான். பாஸ் பண்ண அது போதும், ஆனா வேலைக்குப் போனா திணறணும். நீ குண்டத்தான் குடுப்பேன்ற. சரிதான், படிச்சவ நீ.

எது சீக்கிரம் முடியும்?

கேக்கறேன் இல்ல. காரணம் இருக்குது.

அவ கம்பெனில ஆளக் கொறைக்கறாங்களாம். இந்தப் பரிச்ச பாஸ் பண்ணவங்களுக்கு மட்டும் வேற டீமு குடுத்து, மெட்ராஸுக்கே வரச் சொல்றாங்க. தங்கறதுக்கு எடம் அவங்களே தராங்க. ஆர்க்கிடெக்டு படிப்புன்னா நான் கட்டடம் கட்டற வேலைன்னு நெனச்சிகினு, சித்தாளு மாரி வெயில்ல நிக்கணுமான்னு கேட்டேன். சிரிச்சா. அடுப்பங்கர செவுத்துல சாக்பீசால கட்டங் கட்டமா போட்டு, கோடு இழுத்துக் காட்டுனா. கம்ப்யூட்டர் ஒண்ணு படுத்துகிச்சின்னா மத்தது நிக்கணும் அத்த, அப்டி மின்னாடியே யோசிச்சி வைக்கணும், அதுக்குதான் இந்தப் படிப்புன்னா. எனக்கு எவ்ளோ வெளங்குச்சோ தெரியாது. அவ சொல்றப்ப அந்த மூஞ்சி இருந்துச்சே, அதப் பாத்துகினு இருந்தேன். கல்யாணம் ஆயி வந்ததுல இருந்து அவ மூஞ்சிய அப்டி நான் பாத்ததில்ல.

எம் புள்ளைக்கு, குமரவேலுக்கு, அது ஆவல. டிராக்டர் ஓட்டறான். ஓட்டுனா ஓட்டுவான், இல்லன்னா குடிச்சிட்டுக் கெடப்பான். இவ காதுல மாட்டிகினு மீட்டிங் பேசறா இல்ல, அதுல ஆம்பளக் கொரலு வந்துடக் கூடாது. வந்தா அன்னிக்கி சாயந்தரம் வூட்ல சோறு இறங்காது. லேப்டாப்ப மட்டும் ஒடைக்க மாட்டான். சம்பளம் வரணும் இல்ல?

அவ ஒரு புக்கு வாங்கி, அரிசி மூட்ட பின்னாடி சொருவி வச்சிருந்தா. அவன் வெளிய போனதும் எடுப்பா, வண்டிச் சத்தம் கேட்டா வைப்பா. நான்தான் வாசல்ல ஒக்காந்து காவலு. அன்னிக்கி அவன் நடந்து வந்துட்டான்.

வெந்நி அடுப்புல போட்டான் கண்ணு. ஒவ்வொரு தாளா கிழிச்சிக் கிழிச்சிப் போட்டான். இவ குனிஞ்சி மிச்சத்த எடுக்கப் போனா. அந்தக் கைய மிதிச்சான். வெரலு ரெண்டு ஒடஞ்சி போச்சி. அது கூட எனக்குப் பெருசில்ல. நெருப்பப் பாத்துகினே, அடுத்தது நீதான்னு சொன்னான். குடிச்சிட்டு சொல்லியிருந்தா ஒளர்றான்னு வுட்டுருப்பேன். அன்னிக்கி அவன் குடிக்கல. எண்ண தேச்சிக்கறவன் மாரி நிதானமா சொன்னான். நான் பெத்தவன்மா அவன். அவன் எத வெளையாட்டுக்கு சொல்றான், எத செய்வான்னு எனக்குத் தெரியும்.

ஸ்டேஷனுக்குப் போலாம்னு நானே கூப்ட்டேன். அவதான் வாணாம் அத்த, பரிச்ச முடியட்டும், நான் பாட்டுக்கும் போயிடறேன், என்ன இருந்தாலும் அவரு ஒங்க புள்ளதானன்னா. அம்மா வூட்டுக்குப் போவலாம்னா, அந்தம்மாவே தம்பி வூட்ல ஒண்டிகினு கெடக்குது.

வூட்லயே எழுதலாமாமே பரிச்ச? நீயும் அப்டித்தான் எழுதுனியா? கேமரால பாப்பாங்க, ரூம்புல ஒருத்தரும் நொழையக் கூடாது, சத்தம் கேக்கக் கூடாது, கேட்டா கேன்சலுன்னு சொன்னா. அதப் பத்தி அவ பயப்பட வாணாம். இப்ப வூடு நல்ல அமைதியா இருக்குது. அவன் கரும்பு லோடுக்குப் போயிருக்கான்னு சொல்லி வச்சிருக்கேன். நம்பிட்டா. ராவுல தூங்கறா பாரு, வாயத் தொறந்துகினு, பச்சப் புள்ள மாரி. இடது கையாலயே தட்டித் தட்டி படிக்கிறா. கம்ப்யூட்டர்ல எதையோ படிக்கிறா, புக்கு மாரி வராது அத்தன்றா.

சரி, சொல்லு. குண்டு புக்குக்கு எவ்ளோ நாளு ஆவும்? ஒரு மாசமா? அவ கெட்டிக்காரிதான், இருந்தாலுமா? ஒல்லின்னா? ஒரு வாரம். இன்னும் கொறைக்க முடியாதா? முக்கியமானத நீ பேனாவுல கோடு போட்டுக் குடுத்தா?

அப்ப ஒல்லியே குடு. திணறுனா அங்க போயித் திணறட்டும், உசுரோட திணறட்டும். குண்டு புக்குன்னா அவன் தாங்க மாட்டான்.

குமரவேலச் சொல்றேன். எங்க கழனியில மோட்டார் கொட்டா ஒண்ணு இருக்குது, ஏரிக்கரைய ஒட்டி. போதையானா அங்கதான் படுப்பான். வெளிய பூட்டிட்டேன். இரும்புக் கதவு. சுத்தி கரும்பு ஆளு ஒசரத்துக்கு மேல நிக்குது, கத்துனா ரோட்டுக்குக் கேக்காது. எந்திரிக்காத, ஒக்காரு. பட்டினியா போடுவேன் பெத்தவ? வேளைக்கு சோறும் தண்ணியும் ஜன்னல் கம்பி வழியா குடுத்துகினுதான் இருக்கேன். அவ பரிச்ச எழுதி, பஸ் ஏறட்டும். நானே போயி தொறந்து வுட்டுட்டு அங்கயே நிப்பேன். அவன் இன்னா வேணா பண்ணட்டும் என்னிய.

அந்தப் பைய இப்டிக் குடு, புக்க உள்ள வச்சிக்கறேன். மத்தியானச் சோத்துக்குள்ள போவணும்.

நேத்து வரைக்கும் கதவத் தட்டிகினே இருந்தான். காலையில தட்ட நீட்டுனேன், வாங்கல. கூப்ட்டுப் பாத்தேன், பேசல. சின்னதுல இருந்தே அப்டிதான் அவன், கோவம் வந்தா சோறு திங்க மாட்டான்.