பெட்டி முட்டுக் கொடுத்த கதவு

மத்தியானச் சாப்பாட்டை நான் எப்போதும் தனியாகத்தான் சாப்பிடுவேன் ஐயா. தலைக்கனம் என்பார்கள். அப்படியில்லை. நாலு பேர் கூடினால் பேச்சு எங்கெங்கோ போகும். எனக்கு அது ஆகாது.

ஞானஸ்நானம் எடுத்த நாளிலிருந்து ஒரு கட்டுப்பாடு வைத்திருக்கிறேன். மனைவியைத் தவிர வேறு எந்தப் பெண்ணோடும் மூடிய அறையில் இருக்கமாட்டேன். எங்கள் சபையில் பலரும் அப்படித்தான். மனசு தடுமாறினால் உடனே பேச ஆளுக்கொரு ஜெபத் துணையும் உண்டு. என் துணை ஒரு தையல்காரர்.

மீன் கிடங்கின் குளிர் அறை என் பொறுப்பு. மீன் கல்லாக உறைகிற குளிர் அது. எடை போடும் பெண் பெட்டிகளைச் சரிபார்க்க உள்ளே போகும்போதெல்லாம், கதவுக்கு ஒரு காலிப் பெட்டியை முட்டுக் கொடுத்துவிட்டு நான் வெளியிலேயே நிற்பேன். குளிர் வீணாகிறது என்று முதலாளி கத்துவார். கத்தட்டும். உள்ளிருந்து திறக்கும் பிடி உடைந்து கிடந்ததால் அவளுக்கும் அது பாதுகாப்புதானே.

அவள் தப்பானவள் இல்லை. அதையும் எழுதிக்கொள்ளுங்கள். புருஷன், கைக்குழந்தை என்று குடும்பமாக இருப்பவள். என்னை அண்ணா என்றுதான் கூப்பிடுவாள். ஒரு நாள் எல்லார் முன்னாலும் கேட்டாள்: "எதுக்குண்ணா இந்தப் பெட்டி? நான் என்ன உங்களைக் கடிச்சா திங்கப் போறேன்?" எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்து வைத்தேன். ஆனால் அவள் சிரிப்பு மட்டும் வீடுவரை பின்னாலேயே வந்தது. முழங்கால் போட்டு ஜெபிக்கும்போதும் விடவில்லை. பயந்துபோனேன் ஐயா. இத்தனை வருஷம் கட்டிக் காத்தது ஒரு சிரிப்பில் போய்விடுமோ என்று.

அந்தச் சனிக்கிழமை மத்தியானம் மற்றவர்கள் கிளம்பிவிட்டார்கள். அவள் உள்ளே போகும்போது, "அண்ணா, உங்க காவல் பெட்டி பத்திரம்" என்றாள். தையல்காரரைப் போனில் கூப்பிட்டேன்.

"அண்ணே, சோதனை வந்திருக்கு. ரொம்பப் பயமா இருக்கு."

"எங்க இருக்க தம்பி?"

"கிடங்குலதான்."

"அங்க ஒரு நிமிஷம்கூட நிக்காத. நேரா வீட்டுக்குப் போ. யாரு கூப்பிட்டாலும் திரும்பிப் பாக்காத. நான் இங்க ஜெபிக்கிறேன்."

அவருக்கு இதற்குமேல் ஒன்றும் தெரியாது. அவரை விட்டுவிடுங்கள்.

எதையும் போட்டது போட்டபடி விட்டுப் போகிற பழக்கம் எனக்குக் கிடையாது. பெட்டியைக் காலால் நகர்த்தினேன். அந்தக் கதவு தானாகப் பாதிதான் சாத்தும்; முழுக்க மூடத் தோளைக் கொடுத்துத் தள்ள வேண்டும். தள்ளினேன். முற்றத்தைத் தாண்டுவதற்குள் தட்டும் சத்தம் கேட்டது. முதலில் விளையாட்டுப் போல, பிறகு அப்படியில்லை. அண்ணா, அண்ணா என்று கூப்பிட்டாள். திரும்பிப் பார்க்கவில்லை.

சாயங்காலம் அவள் புருஷன் குழந்தையோடு வீட்டுக்கு வந்து விசாரித்தான். பொய் சொல்லக்கூடாது என்பதால் நான் வாசலுக்கே போகவில்லை. கிடங்கு பூட்டியிருக்கிறது என்று மனைவிதான் சொல்லி அனுப்பினாள்.

மறுநாள் சபையில் எழுந்து சாட்சி சொன்னேன், பெரிய சோதனை ஒன்றைத் தாண்டிவிட்டேன் என்று. தையல்காரர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

கொன்றேன் என்று எழுதச் சொல்கிறீர்கள். எழுதுங்கள். பெட்டியை நகர்த்தியது நான். கதவைத் தள்ளியது நான். அவள் உள்ளே இருந்தது எனக்குத் தெரியும். ஆனால் கடைசியில் ஒரு வரி சேர்த்துக்கொள்ளுங்கள் ஐயா: என் சுண்டுவிரல்கூட அவள்மேல் பட்டதில்லை.