அஞ்சரையிலேருந்து ஆறு வரைக்கும்

அந்த நாற்காலி வேணாம் தங்கச்சி, அது அவரோட கேம் நாற்காலி. யாராச்சும் ஒக்காந்து உயரம் மாறிப்போச்சுன்னா வந்தவொடனே தெரிஞ்சிரும் அவருக்கு. இப்படி கட்டில்லயே ஒக்காருங்க. பசியாறிட்டீங்களா? பிரிஞ்சாங்லயா? அங்க ரொட்டி சானாய் ஒரே எண்ணெயா இருக்குமே. இருங்க, தே கலக்குறேன். சீனி போடலாந்தானே?

அவரு வந்துருவாரு. கம்போங் ராஜாவுல புள்ளைய ஸ்கூல்லேருந்து ஏத்திக்கிட்டு வர்றாரு. கோலா தெர்லாகிட்ட காய்கறி லோரி ஒண்ணு குறுக்க நிக்குதாம், காடியெல்லாம் வரிசை புடிச்சு நிக்குதுன்னு இப்பதான் போன் பண்ணாரு. உங்கள ஒக்கார வச்சு பேசிக்கிட்டு இருன்னாரு. அதான் பேசிக்கிட்டு இருக்கேன்.

நீங்களும் அத படிச்சுட்டுத்தானே கோலாலம்பூர்லேருந்து பேட்டி எடுக்க வந்தீங்க? தெரியும். பத்து நாள்ல கேமும் செஞ்சு, ஒடம்பயும் பாத்துக்கிட்டு, பொண்டாட்டி புள்ளையையும் விடாம இருந்தது எப்படின்னு அவரு எழுதுனது. எங்க செல்லையா கங்காணி மருமவ கூட போன்ல காட்டுனா. குடுத்து வச்சவ பூவிழி நீன்னா. ஆமாலா, குடுத்து வச்சவதான்.

போன வருஷம் அவரு இப்படியில்ல. அப்பவும் இதே கேம் செய்யுற போட்டிதான். தலைப்பு மொத நாளு அன்னைக்குத்தான் குடுப்பாங்களாம், பத்தாவது நாளு சாயங்காலம் கேம நெட்ல ஏத்திறணுமாம். பிரிஞ்சாங்ல போன் கடையில வேலை பாக்குறாருல்ல, பத்து நாளு லீவு போட்டாரு. சோறு கெடையாது, குளியல் கெடையாது, எட்டாம் நாளு பாத்ரூம்ல மயங்கி விழுந்து லைன் வீட்டு ஆளுங்கதான் தூக்கிட்டு ஓடுனாங்க. அதுலேருந்து புத்தி வந்துச்சு. இந்த வருஷம் எல்லாத்துக்கும் நேரம் ஒதுக்குறேன்னு அந்தா செவுத்துல அட்டவணை ஒட்டியிருக்காரு பாருங்க, அதான். ஏழு மணி நேரம் தூக்கம். கோயில் வரைக்கும் நடை. மூச்சுப் பயிற்சி. தண்ணி குடிக்கிறதுக்குக் கூட நீலக் கட்டம் போட்டிருக்காரு. ஆரஞ்சு எங்க புள்ள புனிதாவுக்கு. பச்சை எனக்கு. அஞ்சரையிலேருந்து ஆறு வரைக்கும் மனைவி. முடிஞ்சா டிக்.

சிரிக்காதீங்க, நானும் மொதல்ல சிரிச்சேன். எங்கப்பா காலத்துல வெள்ளன வேலைக்கு ஆள் எண்ணுற பெரட்டுல கிராணி பேர் கூப்புடுவாராம், ஏன் சார்னு போய் நிப்பாங்களாம். எனக்கு போன் கூப்புட்டுச்சு. அஞ்சரை ஆனா அவரு போன்ல டிங் டிங்னு மணியடிக்கும், நான் கைய தொடச்சுக்கிட்டு போய் நிப்பேன்.

நான் கொற சொல்றேன்னு நெனைக்காதீங்க. குடிக்கிறவன்கிட்டயும் அடிக்கிறவன்கிட்டயும் இந்த லைன்ல எத்தன பேரு சூசா படுறாங்க. இவரு அப்படியில்ல. நல்ல மனுஷன். யாரு மூஞ்சி வாடியிருந்தாலும் நின்னு கேப்பாரு. அதான் தங்கச்சி எனக்கு வயித்தெரிச்சலு.

என்னான்னா, எனக்கு அவருகிட்ட ஒரு விஷயம் சொல்ல வேண்டியிருந்துச்சு. போட்டிக்கு மொத நாளுதான் கிளினிக்ல எனக்கே தெரிஞ்சுச்சு. நல்ல விஷயந்தான். அத சொல்லிட்டா நான் தேயில வெட்டுற மெஷின விட்டுட்டு நர்சரிக்கு மாறிறலாம். நர்சரின்னா ஒக்காந்துகிட்டு பையில மண்ண அள்ளிப் போட்டு கன்னு நடுறது. மெஷின் அப்படியில்லலா. இஞ்சின் வச்சது, நெரைக்கு ரெண்டு பக்கமும் ஆளுக்கு ஒரு கைப்புடி. நான் ஒரு பக்கம், சீதாக்கா ஒரு பக்கம், செடிக்கு மேல தூக்கிப் புடிச்சுக்கிட்டு சரிவுல நடக்கணும். ஒருத்தி தாழ்த்துனா கொழுந்தோட மரமும் சேந்து வெட்டுப்படும். இறக்கி வைக்கவும் முடியாது, ஒருத்தி நின்னா ரெண்டு பேரும் நிக்கணும்.

அப்ப கங்காணிகிட்ட நேராவே கேக்க வேண்டியதுதானேங்கிறீங்க. கேக்கலாம். ஆனா இங்க பொம்பள நர்சரி வேலை கேட்டா எதுக்குன்னு லைன் பூராவும் தெரிஞ்சிரும். கங்காணி சம்சாரம் மறுநாளே இனிப்ப தூக்கிக்கிட்டு வந்துருவாங்க. அந்த மாதிரி விஷயம் மொதல்ல புருஷன் காதுலதான் விழணும்னு எனக்கு. புனிதா வயித்துல இருந்தப்பவும் அப்படித்தான் சொன்னேன். ஏழு வருஷம் கழிச்சு வர்றது, ஊரான் வாயால கேக்கவா?

மொத நாளு காலைலயே போய் நின்னேன். காதுல ஹெட்போனு. திரும்பாமலே கைய தூக்கி அஞ்சு வெரலயும் காட்டுனாரு. அஞ்சரைக்குன்னு அர்த்தம். சரின்னு வந்துட்டேன்.

அஞ்சரைக்கு போய் ஒக்காந்தா, போன என் கைல குடுத்துட்டாரு. கேம் என்னான்னு தெரியுந்தானே? சுமைன்னு தலைப்பு குடுத்தாங்களாம், அதுக்கு தேயிலத் தோட்டத்துப் பொம்பளைய வச்சு செஞ்சிருக்காரு. கூடைய மாட்டிக்கிட்டு மலை ஏறுவா, கொழுந்து கிள்ளுவா. கூடைய நான் தொட்டே அஞ்சு வருஷமாச்சு, எங்ககிட்ட இருக்குறது மெஷின்தான்னேன். மெஷின் பாக்க அழகா இல்லையாம். சரி, செய்யுற ஆளு அவரு, கேம் அவருது. நீ ஆடிப் பாரு, எங்க கஷ்டமா இருக்குன்னு சொல்லு, இதுவும் நம்ம ரெண்டு பேரும் சேந்து இருக்குற நேரந்தானேன்னாரு. ஆடுனேன். மணியடிச்சுச்சு. டிக் போட்டாரு.

ரெண்டாம் நாளும் அதான். மூணாம் நாளு, உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும்னேன். கேமப் பத்தியான்னாரு. இல்லன்னேன். அப்ப பத்தாம் நாளு பொறுமையா பேசலாம்மா, இப்ப தலைக்குள்ள எடம் இல்லன்னாரு.

ஏன், எனக்கு வாயில்லையான்னு நீங்க கேக்கலாம். சீதாக்காவும் அதத்தான் கேட்டாங்க. கத்தியிருக்கலாம், ஹெட்போன புடுங்கி வீசியிருக்கலாம். ஆனா ரோஷம் வந்துருச்சு தங்கச்சி. இம்புட்டு பெரிய விஷயத்த நான் எதுக்கு கெஞ்சி சொல்லணும்? அவரா என்னான்னு கேக்கட்டுமே, அப்ப சொல்றேன்னு இருந்துட்டேன். அந்த ரோஷந்தான் என் தப்பு. அத நான் மறைக்கல.

ஆறாம் நாளு மெஷின் புடிக்கும்போதே அடிவயித்துல சுருக்குன்னு இழுத்துச்சு. அஞ்சரைக்கு ஒக்காந்து ஆடிக்கிட்டு இருக்கும்போதும் இழுத்துச்சு. ரோஷத்த எல்லாம் வுட்டுட்டு சொன்னேன். இந்தாங்க, வேலைல நிக்கிறப்ப எனக்கு அடிவயித்துல புடிக்குதுங்கன்னேன்.

சட்டுன்னு திரும்புனாரு. ஹெட்போன கழட்டுனாரு. ஆறு நாள்ல அன்னைக்குத்தான் என் மூஞ்சிய நேரா பாத்தாரு. எனக்கு கண்ணுல தண்ணியே வந்துருச்சு. எப்ப புடிக்குதுன்னு கேட்டாரு. தூக்கும்போதா, திரும்பும்போதா? கைய எங்க வப்ப? எந்திரிச்சு காட்டும்மான்னாரு. எந்திரிச்சு காட்டுனேன். இப்படி, அடிவயித்துல ஒரு கை, முட்டில ஒரு கை. இன்னொரு தடவன்னாரு. போன்ல வீடியோ எடுத்தாரு. மூணு தடவ நிக்க வச்சு எடுத்தாரு. சூப்பர்மா, இதான் இல்லாம இருந்துச்சுன்னுட்டு அந்தப் பக்கம் திரும்பிட்டாரு. மணி கூட அடிக்கல இன்னும்.

ஆமா, அதேதான். ஜட்ஜுங்க எல்லாம் பாராட்டுன எடம் அதுதான். பரிசு குடுத்ததே அதுக்குத்தானாம். கேம்ல அந்தப் பொம்பள ஒரு கைய வயித்துல வச்சுக்கிட்டு கொஞ்ச நேரம் நிப்பாளே, திரை லேசா இருட்டுமே. எப்படிங்க இவ்வளவு உண்மையா செஞ்சீங்கன்னு கேட்டாங்களாம். வீட்டுல பாத்து செஞ்சேன்னாராம்.

தே ஆறுது, குடிங்க. அந்த போன் இன்னும் பதிஞ்சுக்கிட்டு இருக்கா? அடைச்சிருங்க. ஆங், அப்படி.

ஒம்பதாம் நாளு காலைல, நெரை முடிய இன்னும் கொஞ்சந்தான் இருந்துச்சு, அது போயிருச்சு தங்கச்சி. ரெண்டு மாசம் தாண்டியிருந்துச்சு. சீதாக்கா கால்சட்டைக்கு மேல கட்டியிருந்த சாரோங்க அவுத்து என் இடுப்புல சுத்துனாங்க. தோட்டத்து லோரிலதான் கிளினிக்குக்கு போனோம். மெஷின்னாலன்னு சொல்ல முடியாது, சில நேரம் தானாவே போயிரும்னு டாக்டர் சொன்னாங்க. இருக்கும். அவருதான் காரணம்னு நான் சொல்லலயே. ஏன் புடிக்குதுன்னு ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்ங்கிறேன். தூக்கும்போதான்னு கேட்டவருக்கு ஏன்னு கேக்கத் தெரியலயே.

நாலு மணிக்கு வீட்டுக்கு வந்தேன். குளிச்சேன். அஞ்சரைக்கு போன் கூப்புட்டுச்சு, போய் ஒக்காந்தேன். கடைசி மலை இதான், ஆடிப் பாருன்னாரு. அந்தப் பொம்பள வயித்துல கைய வச்சு நின்னா. அஞ்சு செகண்டு. பொறவு நிமிந்து நடந்து போயிட்டா. எப்படி இருக்குன்னாரு. நல்லா இருக்குன்னேன். அந்தா பாருங்க, ஒம்பதாம் நாளு, பச்சைக் கட்டம். டிக் இருக்குதா?

இல்ல, அவருக்கு இன்னும் தெரியாது. சீதாக்காவுக்கும் லோரி ஓட்டுன மகேஸ்வரன் அண்ணனுக்குந்தான் தெரியும். சத்தியம் வாங்கிட்டேன். போட்டி முடிஞ்சவொடனே சொல்லலாம்னுதான் இருந்தேன். முடிஞ்சுச்சு, மணியடிக்கிறத போன்ல அழிச்சுட்டாரு. எனக்குன்னு இருந்த அரை மணியும் அதோட போச்சு. அப்புறம் பரிசு, வாழ்த்து, இப்ப நீங்க.

ஹார்ன் கேக்குதா? அவருதான். புள்ள எறங்கி ஓடியாருவா பாருங்க. ஐயோ, என்னா தங்கச்சி நீங்க, இந்தாங்க துண்டு, மூஞ்சிய தொடைங்க. அவரு நல்ல மனுஷன்னு சொன்னேன்ல. இப்படி பாத்தாருன்னா, வாசல்லயே நின்னு ஏன் அழுவுறீங்கன்னு கேப்பாரு, உங்கள.